மொரீசியஸில் தனியாக ஏழு இரவுகள்: பஸ்ஸில் சுற்றிவர முழுமையான வழிகாட்டி

மொரீசியஸுக்கு விற்கப்படும் பேக்கேஜ்கள் பெரும்பாலும் தேனிலவுத் தம்பதிகளுக்கானவை. விமான நிலையத்தில் கார், கடலோர ரிசார்ட், இரண்டு நாள் 'வடக்கு டூர், தெற்கு டூர்' என்று முடிந்துவிடும். தனியாகப் போகிறவர் அதே அறைக்கு இரண்டு பேர் வாடகையைக் கொடுத்துவிட்டு, ஊரைப் பார்க்காமலே திரும்புவார். அந்தப் பணத்தில் பாதிகூட இல்லாமல் தீவைச் சுற்றி வரலாம். ஏறத்தாழ 65 கி.மீ. நீளமும் 45 கி.மீ. அகலமும் உள்ள இந்தத் தீவில் பஸ் போகாத ஊர் மிகக் குறைவு.

ஆனால் வரைபடம் ஏமாற்றும். பஸ் தடங்கள் கடற்கரையை ஒட்டி வட்டமாக ஓடுவதில்லை. நடுவில் உள்ள மேட்டுநில ஊர்களான க்யூர்பைப், காத்ர் போர்ன் ஆகியவற்றிலிருந்தும் தலைநகர் போர்ட் லூயிஸிலிருந்தும் கடற்கரைக்கு விரிந்து செல்கின்றன. வடக்கே கிராண்ட் பேயில் அறை எடுத்துக்கொண்டு தெற்கே லெ மோர்ன் மலைக்குப் போய்வர நினைத்தால், போக மூன்று மணி நேரத்துக்கு மேல், வரவும் அவ்வளவே. முதல்முறை போகிறவர்கள் வாரத்தைத் தொலைப்பது இப்படித்தான். ஒரே ஊரில் தங்காமல் தென்கிழக்கு, தென்மேற்கு, வடக்கு என்று மூன்று இடங்களில் தங்கி, கடிகாரச் சுற்றாக நகருங்கள். பஸ்ஸுக்கு ஒத்துவராத ஒரே ஒரு நாளுக்கு முழுநாள் டாக்சி வையுங்கள். கீழே உள்ள திட்டம் முழுவதும் இந்த அடிப்படையில்தான்.

எந்த மாதம்

பூமத்திய ரேகைக்குத் தெற்கே உள்ள நாடு. மே முதல் நவம்பர் வரை குளிர்ந்த, மழை குறைந்த காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று விடாமல் வீசும். அப்போது கிழக்குக் கரையில் மணல் முகத்தில் அடிக்கும், மேற்கிலும் வடக்கிலும் கடல் அமைதியாக இருக்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரையும், அக்டோபர், நவம்பரும் எல்லாப் பக்கத்துக்கும் ஏற்றவை.

ஜனவரி முதல் மார்ச் வரை புயல் அதிகம் வரும் காலம். புயல் எச்சரிக்கையைக் 'கிளாஸ்' என்று எண்ணிட்டு அறிவிப்பார்கள். கிளாஸ் 3 வந்தால் பஸ் நின்றுவிடும், கடை மூடிவிடும், நீங்களும் வெளியே வரக்கூடாது. கிளாஸ் 2 அறிவித்த உடனேயே இரண்டு நாளுக்குத் தண்ணீர், ரொட்டி, பிஸ்கட் வாங்கிவிடுங்கள். புயல் நேராகத் தாக்காமல் ஒதுங்கிப் போனாலும் ஆபத்து உண்டு. 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை அடித்துச் சென்றது.

ஒரு ஸ்வெட்டர் அவசியம். க்யூர்பைப் கடல் மட்டத்துக்கு 550 மீட்டருக்கு மேலே உள்ளது. கரையில் வெயில் கொளுத்தும் நாளில் அங்கே தூறிக்கொண்டிருக்கும்.

புறப்படும் முன்

இந்திய பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா வாங்க வேண்டியதில்லை. ஆனால் குடியேற்ற அதிகாரி திரும்பும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு, செலவுக்குப் பணம் மூன்றையும் கேட்கலாம். தனியாக வருபவரிடம் இந்தக் கேள்விகள் வர வாய்ப்பு கூடுதல். மூன்று ஊர் முன்பதிவையும் காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள். 'போய்ப் பார்த்து அறை எடுத்துக்கொள்கிறேன்' என்ற பதில் எடுபடாது. பயணப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் இடைத்தரகருடையது.

சிகரெட் சுருட்டும் தாளும் வேப்பும் அங்கே தடை செய்யப்பட்டவை. செடி, விதை, பழம் எதற்கும் அனுமதி வேண்டும், ஆகவே கறிவேப்பிலைப் பொட்டலத்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமையானது. மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள்.

மின் செருகி பிரிட்டிஷ் மூன்று முனை வகை, சில இடங்களில் ஐரோப்பிய இரண்டு முனை. இரண்டுக்கும் பொருந்தும் அடாப்டர் வாங்குங்கள். சிம் கார்டு விமான நிலையத்திலேயே கிடைக்கும், மை.டி, எம்டெல் இரண்டும் பரவலானவை. ஒரு மொரீசியஸ் ரூபாய் ஏறத்தாழ 2 இந்திய ரூபாய். 2024 பிப்ரவரியிலிருந்து யுபிஐ உண்டு என்றாலும் அதை நம்பிக் கிளம்ப வேண்டாம். பஸ்ஸுக்கும் தெருக்கடைக்கும் ரொக்கம்தான். விமான நிலையத்தில் பணம் எடுத்ததும் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி 25, 50, 100 ரூபாய்த் தாள்களாகச் சில்லறை ஆக்குங்கள். அந்தத் தாள்களில் தமிழ் எழுத்தும் எண்ணும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கண்டக்டரிடம் தமிழில் பேசினால் வேலைக்காகாது. தமிழ் வம்சாவளியினர் உட்பட பெரும்பாலோர் வீட்டிலும் தெருவிலும் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. ஆங்கிலம் பெரும்பாலான இடங்களில் போதும்.

அறை தேடும்போது 'ஸ்டுடியோ' என்று போட்டிருப்பதைப் பாருங்கள், சிறிய சமையல் மூலை இருக்கும். மாலை ஏழுக்குமேல் சின்ன ஊர்களில் சாப்பாட்டுக் கடை மூடிவிடும் என்பதால் அது ஆடம்பரமல்ல, தேவை. ஒருவருக்கான விலை தனியாக உண்டா, சுற்றுலா வரி சேர்த்தா என்று பதிவுக்கு முன்பே கேளுங்கள்.

பஸ்ஸும் மெட்ரோவும்

ஏறி உட்கார்ந்ததும் கண்டக்டர் வந்து டிக்கெட் கொடுப்பார். பெரும்பாலான பயணங்கள் 50 ரூபாயைத் தாண்டாது. இறங்கும்வரை டிக்கெட்டை வைத்திருங்கள், பரிசோதகர் ஏறுவார். ஊர்ப்பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் ஒரு மாதிரியும் பேச்சில் வேறு மாதிரியும் இருப்பதால், போகவேண்டிய இடத்தைக் கைபேசியில் எழுத்தாகக் காட்டுவது எளிது.

சிக்கல் வரும் இடங்கள் மூன்று. முதலாவது பெட்டி. பஸ்ஸில் சாமான் வைக்க இடமில்லை. 40 லிட்டர் முதுகுப்பை மடியில் அடங்கும், சக்கரப் பெட்டி நடைபாதையை அடைக்கும். காலை 7 முதல் 9 வரையும், பிற்பகல் 3.30 முதல் 5.30 வரையும் மாணவர்களும் அலுவலகக் கூட்டமும் நிறைந்திருக்கும், அப்போது பெட்டியோடு ஏற விடாமல் போகலாம். ஊர் மாறும் நாட்களில் காலை 9.30க்குப் பிறகு கிளம்புங்கள்.

இரண்டாவது கடைசி பஸ். கிராமப்புறத் தடங்களில் மாலை ஆறு மணி வாக்கிலேயே சேவை முடிந்துவிடும், ஞாயிறன்று இன்னும் குறைவு. சூரியன் மறைவதைக் கடற்கரையில் பார்த்துவிட்டு பஸ் பிடிக்கலாம் என்பது பலர் போடும் கணக்கு. குளிர்காலத்தில் சூரியன் 5.45 வாக்கில் மறையும், சாலைக்கு வந்து சேரும்போது பஸ் போயிருக்கும். அறையிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள கடற்கரையில் மட்டும் சூரிய அஸ்தமனம் பாருங்கள். வேறு எங்கிருந்தாலும் ஐந்து மணிக்குள் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்க வேண்டும். போகும்போதே கண்டக்டரிடம் 'திரும்பக் கடைசி வண்டி எப்போது?' என்று கேட்டுவிடுங்கள். கைபேசி வரைபடம் காட்டும் நேரத்தைவிட அவர் சொல்வது சரியாக இருக்கும்.

மூன்றாவது போர்ட் லூயிஸ். அங்கே பஸ் நிலையம் இரண்டு. தெற்கு, மேற்கு, மேட்டுநிலப் பஸ்கள் விக்டோரியாவில் நிற்கும், வடக்குப் பஸ்கள் இமிக்ரேஷன் சதுக்கத்தில். இரண்டுக்கும் நடுவே கால்நடையாக 15 முதல் 20 நிமிடம், அல்லது மெட்ரோ. 2019 டிசம்பரில் தொடங்கிய மெட்ரோ இப்போது போர்ட் லூயிஸிலிருந்து ரோஸ் ஹில், காத்ர் போர்ன், வக்வா வழியாக க்யூர்பைப் வரை போகிறது. இந்தத் தடத்தில் பஸ்ஸைவிட மெட்ரோவே மேல், சாலை நெரிசலில் சிக்காது.

டாக்சிகள் மீட்டர் போடுவதில்லை. ஏறும் முன் தொகை, எந்தெந்த இடம், எத்தனை மணிவரை, காத்திருப்பு சேர்த்தா என்று நான்கையும் பேசி, கைபேசியில் தட்டச்சு செய்து காட்டிச் சம்மதம் வாங்குங்கள்.

நாள் 1 முதல் 3 வரை: மாயேபூர்

முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்திறங்குங்கள். மாயேபூரின் பெரிய சந்தை திங்கட்கிழமை என்பதுதான் காரணம். இந்தக் கிழமைக் கணக்கு பின்னால் போர்ட் லூயிஸுக்கும் ஒத்துவரும். விமான நிலையத்திலிருந்து மாயேபூர் பஸ்ஸில் 20 நிமிடத்துக்குள். இரவு வந்தால் டாக்சிதான், கெஸ்ட் ஹவுஸிடமே ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

திங்கள் காலை சந்தை, அங்கேயே சாப்பாடு. பருப்பு பூரியை இங்கே 'தால் பூரி' என்பார்கள். பருப்புப் பொடி அடைத்த மெல்லிய ரொட்டி இரண்டு, நடுவில் மொச்சைக் குழம்பு, தக்காளி ரூகாய், சட்னி, மிளகாய். வழக்கமாகச் சைவமே. மசால் வடையின் தம்பியான 'காத்தோ பிமா'வை ரொட்டிக்குள் வெண்ணெயோடு வைத்துத் தருவார்கள். நூடுல்ஸில் முட்டையோ சிப்பிச் சாஸோ இருக்கும். சைவர்கள் 'சான் லாவ்யான், சான் புவாசோன்' (இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்) என்று சொல்லிக் கேளுங்கள். குடிக்க அலூடா: குளிர்ந்த பால், சப்ஜா விதை, அகர் அகர்.

பிற்பகல் புளூ பே, மாயேபூரிலிருந்து பஸ் உண்டு. 2000இல் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். பவளத்தைப் பார்க்கக் கண்ணாடி அடிப் படகில் போகலாம், தனியாக வருபவரை மற்றவர்களோடு சேர்த்து ஏற்றிக்கொள்வார்கள். நீந்த வேண்டுமானால் மிதவைக் கயிற்றுக்கு உள்ளேயே இருங்கள். அலைகள் பவளத்திட்டைத் தாண்டி உள்ளே தள்ளும் தண்ணீர், திட்டில் உள்ள இடைவெளி வழியாகத்தான் வெளியேற வேண்டும். மேலே கண்ணாடி போலிருக்கும் தண்ணீர், அந்த இடைவெளிக்கு அருகே ஆளை இழுத்துக்கொண்டு போவது இதனால்தான். பவளத்திட்டு உள்ள எல்லாக் கடற்கரைக்கும் இது பொருந்தும். காலில் ரப்பர் காலணி போடாமல் இறங்க வேண்டாம்: கடல் முள்ளெலி எங்கும் உண்டு, கல்மீன் அரிது, ஆனால் அதன் முள் குத்தினால் உடனே மருத்துவமனை. அவசர மருத்துவ ஊர்தி எண் 114, காவல்துறை 999.

செவ்வாய் காலை இல் ஓ ஸெக்ரெத். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் 26 ஹெக்டேர் பவளத்தீவு. மொரீசியஸ் வனவுயிர் அறக்கட்டளை களைகளை அகற்றி, கருங்காலிக் காட்டை மீட்டு, இளஞ்சிவப்புப் புறாவையும் அல்டாப்ரா ராட்சத ஆமையையும் அங்கே வளர்க்கிறது. வழிகாட்டியோடு மட்டுமே அனுமதி, முன்பதிவு தேவை. மனிதர் வருமுன் மொரீசியஸ் எப்படி இருந்தது என்று ஓரளவாவது காட்டும் இடம் இது. வாரத்தில் ஒரே ஒரு இடத்துக்கு நுழைவுக் கட்டணம் கொடுப்பதென்றால் இதற்குக் கொடுங்கள். கிழக்கே உள்ள இல் ஓ ஸெர்ஃப் தீவுக்குப் படகு டிக்கெட் எல்லோரும் விற்பார்கள். கூட்டமும் பார்பெக்யூவும் பிடிக்கும் என்றால் மட்டும் போங்கள்.

பிற்பகலில் சென்ட்ரல் ஃப்ளாக் போகும் பஸ்ஸில் ஏறி வியே கிராண்ட் போர்ட் வரை செல்லலாம். கடலை ஒட்டியே ஓடும் அபூர்வமான தடம். 1598இல் டச்சுக்காரர்கள் வந்திறங்கியது இந்த விரிகுடாவில்.

நாள் 4: டாக்சி நாள்

புதன்கிழமை ஊர் மாறும் நாள். மாயேபூரிலிருந்து தென்மேற்கே லா கோலெத் கிராமத்துக்கு பஸ்ஸில் போனால் க்யூர்பைப், காத்ர் போர்ன் என்று இரண்டு மாற்றம், அரை நாள் வீண். பஸ்ஸில் போகச் சிரமமான தெற்கு மேட்டுநிலம் முழுவதும் அந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான் இருக்கிறது. ஆகவே முழுநாள் டாக்சியை இந்த நாளுக்கு வையுங்கள். பை டிக்கியில் இருக்கும், பார்க்க வேண்டியதெல்லாம் வழியிலேயே வரும், மாலையில் புது அறை வாசலில் இறங்கலாம். பேசும்போது 'ஒருவழிப் பயணம், மாலை 4.30க்கு லா கோலெத்தில் விட வேண்டும்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். வாரத்தின் மிகப்பெரிய போக்குவரத்துச் செலவு இதுவாகத்தான் இருக்கும். விடுதியில் இன்னொருவர் அதே வழியில் போனால் பாதியாகும்.

காலை 8க்குக் கிளம்பினால் வரிசை இப்படி. முதலில் சூயாக் அருகே கிரி கிரி. இங்கே கரையைக் காக்கும் பவளத்திட்டு இல்லை, ஆகவே பெருங்கடல் அலை நேராகப் பாறையில் மோதும். பார்க்க மட்டும், குளிக்க அல்ல. அடுத்து புவா ஷெரி தேயிலைத் தோட்டம், பிறகு கிராண்ட் பாசின் ஏரி. கங்கா தலாவோ என்று அழைக்கப்படும் இந்த ஏரிக்கரையில் 33 மீட்டர் உயரச் சிவன் சிலை 2007இல் நிறுவப்பட்டது. குரங்குகள் பழப்பையைப் பிடுங்கும், கையில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். மகா சிவராத்திரி வாரத்தில் லட்சக்கணக்கானோர் நடந்து வருவார்கள், சாலைகள் திருப்பிவிடப்படும், அந்த வாரம் இந்த வழியே வேண்டாம்.

அங்கிருந்து பிளாக் ரிவர் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவின் காட்சி மேடை. மூடுபனி இருந்தால் பத்து நிமிடம் பொறுங்கள், காற்றில் சட்டென விலகும். கடைசியாக ஷமாரெல். ஏழு வண்ண மண்ணும் அருவியும் ஒரே டிக்கெட்டில் அடங்கும். எரிமலைப் பாறை சிதைந்து உண்டான மண்ணில் இரும்பும் அலுமினியமும் வெவ்வேறு அளவில் தங்கியதால் வந்த நிறங்கள் இவை. வெயில் வேண்டும், மேகமூட்டத்தில் எல்லாம் ஒரே பழுப்பாகத் தெரியும். வானம் மங்கலாக இருந்தால் வரிசையை மாற்றி, வெயில் வரும் நேரத்தில் இங்கே இருக்கும்படி ஓட்டுநரிடம் சொல்லுங்கள்.

நாள் 5: லெ மோர்ன் மலை

556 மீட்டர் உயரப் பாறை மலை. தப்பியோடிய அடிமைகளின் புகலிடமாக இருந்ததால் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மேலே இரும்புச் சிலுவை நிற்கும் இடம்வரைதான் நடையர்கள் போவார்கள், உண்மையான உச்சி அதற்கும் அப்பால். போய்வர மூன்றிலிருந்து நான்கு மணி நேரம்.

அடிவாரத்துக்கு விடிகாலையில் பஸ் கிடையாது. முந்தைய இரவே டாக்சி பேசி, வெளிச்சம் வரும்போது நடையைத் தொடங்குங்கள். ஒன்பது மணிக்குமேல் பாறை சுடும், நிழல் இல்லை. தண்ணீர் 2 லிட்டர், பிடிப்புள்ள காலணி, இரண்டு கையும் ஓய்வாக இருக்கும்படி முதுகுப்பை. செல்ஃபி குச்சி வேண்டாம்.

முதல் பாதி அகலமான வண்டிப்பாதை, யாரும் நடக்கலாம். அது முடியும் இடத்தில் கடல்நீரின் நிறமாற்றங்கள் முழுவதும் தெரியும் காட்சிமுனை உண்டு. அதற்கு மேல் நடை இல்லை, கைகளை ஊன்றி ஏறுவது. ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம்: காலை எங்கே வைப்பது என்று தெரியாது, தேய்ந்த எரிமலைப் பாறை ஈரத்தில் வழுக்கும். இரவில் மழை பெய்திருந்தாலோ உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தாலோ காட்சிமுனையோடு திரும்பிவிடுங்கள், பார்க்க வேண்டியதில் பெரும்பங்கு அங்கேயே கிடைத்துவிடும். தனியாக மேல்பகுதிக்குப் போக வேண்டாம். வழிகாட்டியை அமர்த்துங்கள், அல்லது அங்கே ஏறும் குழுவோடு சேர்ந்துகொள்ளுங்கள். எப்படியும் விடுதியில் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

இறங்கியதும் லெ மோர்ன் கடற்கரை. பட்டத்தைப் பிடித்தபடி பலகையில் அலையேறுபவர்கள் இருக்கும் வெளிப்பக்கம் நீந்துகிறவருக்கானது அல்ல. பிற்பகலில் பிரதான சாலைக்கு வந்தால் பே து காப் - காத்ர் போர்ன் பஸ் லா கோலெத் வழியாகப் போகும். தமாரினில் டால்ஃபின் படகு பற்றிப் பலரும் கேட்பார்கள். ஒரே கூட்டத்தைப் பத்துப் படகுகள் சூழ்ந்து துரத்துவதைப் பார்க்கக் காசு கொடுப்பதைத் தவிர்க்கலாம்.

நாள் 6, 7: போர்ட் லூயிஸும் வடக்கும்

வெள்ளி காலை அதே பஸ்ஸில் காத்ர் போர்ன், அங்கிருந்து மெட்ரோவில் தலைநகர். தலைநகரை வார நாளில்தான் பார்க்க வேண்டும், சனி பிற்பகலிலேயே கடைகள் அடங்கிவிடும், ஞாயிறு வெறிச்சோடும்.

'ஆப்ரவாசி காட்' என்ற பழைய படகுத் துறைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அனுமதி இலவசம். 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ 5 லட்சம் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இந்தியாவிலிருந்து வந்திறங்கிய துறை. கரும்புத் தோட்டங்களுக்கு அனுப்புமுன் அவர்களை இங்கே நிறுத்திப் பதிந்தார்கள். மிஞ்சியிருப்பது சில அறைகளும் 16 படிகளும்தான், ஆகவே முதலில் விளக்கக் கூடத்துக்குப் போய்விட்டுப் பிறகு படிகளைப் பாருங்கள். தலைகீழாகப் போனால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும். பிறகு மத்தியச் சந்தை, அழிந்துபோன டோடோ பறவையின் எலும்புக்கூடு உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். புளூ பென்னி அருங்காட்சியகத்தில் 1847ஆம் ஆண்டுத் தபால்தலைகளின் அசலை ஒவ்வொரு மணி நேரத்திலும் சில நிமிடங்களே வெளிச்சம் போட்டுக் காட்டுவார்கள், நேரத்தைக் கேட்டுவிட்டு டிக்கெட் வாங்குங்கள். தமிழர் கட்டிய கயிலாசம் கோயில், சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன், நகரின் வடபுறத்தில் உள்ளது. தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை. அன்று போக நேர்ந்தால் பஸ் குறைவு, ஆனால் கோயில்களில் வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு உண்டு, ரசம் உட்பட.

மாலை நான்குக்குள் இமிக்ரேஷனிலிருந்து கிராண்ட் பே எக்ஸ்பிரஸ். தங்க கிராண்ட் பேயைவிட அடுத்துள்ள பெரேபேர் மலிவு, கடற்கரையும் நல்லது. இரவில் கடற்கரை ஓரமாகத் தனியே நடக்க வேண்டாம், வெளிச்சமின்மையும் தெருநாய்களும் காரணம். பெண்கள் தெருவுக்குள் இருக்கும் அறையாகப் பார்த்து எடுக்கலாம்.

சனியன்று பாம்ப்ளெமூஸ் தாவரவியல் பூங்கா. ராட்சத அல்லி இலைகளை காலையில் பாருங்கள். வாசலில் உள்ள வழிகாட்டியை அமர்த்துவது வீணல்ல, மரங்களில் பெயர்ப்பலகை குறைவு. பக்கத்திலேயே பழைய ஆலையில் சர்க்கரை அருங்காட்சியகம். ஞாயிறு திரும்பும் நாள், விமானம் மாலையில் என்றால் காலை கடலுக்கு.

திரும்பும் நாள்

விமான நிலையம் தீவின் மறுகோடி. பெரேபேரிலிருந்து பஸ்ஸில் வந்தால் இமிக்ரேஷனில் இறங்கி விக்டோரியா மாறி, விமான நிலையம் வழியாகப் போகும் மாயேபூர் பஸ் பிடிக்க வேண்டும். மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இது பிற்பகலுக்குப் பிந்தைய விமானத்துக்கு மட்டுமே சரிப்படும். காலை விமானம் என்றால் இரண்டே வழி: முன்பே தொகை பேசிய டாக்சி, அல்லது ஏழாவது இரவை பெரேபேரில் குறைத்து மாயேபூரில் போடுவது. ஞாயிறன்று பஸ் குறைவு, இரண்டாவது வழிக்குச் சனி மதியமே கிளம்பிவிடுங்கள். ரம் பாட்டில் வாங்குவதானால் கைப்பையில் போடாமல் செக்-இன் பையில் வையுங்கள். பஸ்ஸில் மிச்சமாகும் சில்லறையை விமான நிலையத்துக்கு முன்பே தால் பூரியாக மாற்றிக்கொள்ளலாம், உள்ளே விலை வேறு.